அழகான கார்தான்... அர்த்தராத்திரியில் வீடு கொண்டு சேர்க்குமா?

போன இதழில் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரைப் பற்றி எழுதியதற்கு ஏகப்பட்ட கடிதங்கள். அதில் ஈரோட்டு வாசகி ஒருவர், "மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் இதோடு எங்கள் உலகம் முடிந்துவிட்டதா? கார் வாங்குவதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?" என்று சூடாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இன்று எத்தனையோ வீடுகளில் காரை ஓட்டுவதும் பெண்தான், பணம் கட்டுவதும் பெண்தான். ஆனால் எந்தக் கார் என்று தீர்மானிக்கிற நாளில் மட்டும் வீட்டு ஆண்களும் அடுத்த வீட்டு ஆண்களும் கூடி உட்கார்ந்து விடுகிறார்கள்!

ஆகவே, சகோதரிகளே, இந்தத் தடவை என் தங்கை மகள் கார் தேடிய கதையையே சொல்லிவிடுகிறேன். "என் பேரை மட்டும் போடாதீங்க பெரியம்மா, மத்தபடி எல்லாத்தையும் எழுதுங்க" என்று அவளே அனுமதி கொடுத்துவிட்டாள்.

அவள் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வீடு முசிறியில். நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். மாலை டியூட்டி என்றால் ஒன்பது மணிக்கு முடியும். அடுத்தவளிடம் சார்ஜ் ஒப்படைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது பதினொன்றரை. ஆறு வயசுக் குழந்தை அம்மா முகத்தைப் பார்க்காமலே தூங்கிப் போயிருக்கும். கணவர் வேலை பார்ப்பது திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும்தான் குழந்தையைப் பார்த்துக் கொள்கிறார்கள். பழைய கார் ஒன்று இருந்தால் பத்தரைக்குள் வீடு வந்துவிடலாம். இரண்டு வருஷச் சீட்டுப் பணமும் ஓவர்டைம் பணமுமாக மூன்றரை லட்சம் சேர்த்திருந்தாள். கடன் வாங்குவதில்லை என்று வைராக்கியம்.

இதுவரை சரி. ஆனால் அவள் மனசு போய் உட்கார்ந்த இடம்தான் எல்லாரையும் யோசிக்க வைத்தது. இத்தாலிக் கம்பெனியான பியட் போட்ட 'லீனியா'! 2013-ஆம் வருஷ மாடல், டீசல், ஒயின் நிறம். சொன்ன விலை இரண்டேகால் லட்சம்.

"அழகைப் பார்த்து மயங்கறியேடி" என்றாள் என் தங்கை.

அதற்கு அவள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "பன்னிரண்டு வருஷமா வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளைச் சுவர், வெள்ளைப் பெட்ஷீட். எனக்குன்னு ஒரு பொருள், பார்த்தா சந்தோஷமா இருக்கிற மாதிரி இருக்கக் கூடாதாம்மா?"

இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். அழகு வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. அந்த அழகுக்கு என்ன விலை, அதை எப்போது, எந்த இடத்தில் கொடுக்க வேண்டி வரும் என்று மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் நாங்கள் மூன்று வாரம் விசாரித்தோம்.

லட்சணம் எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் வடக்கே டூரின் என்ற நகரம். பியட் கம்பெனி 1899-ல் அங்கேதான் பிறந்தது. அந்த ஊரில் காருக்கு உடம்பு செய்து கொடுப்பதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. பெர்ட்டோனே, பினின்ஃபரினா என்றெல்லாம் பெரிய பட்டறைகள். நம் ஊரில் கும்பகோணம் பாத்திரத்துக்கு ஒரு பேர் இருக்கிற மாதிரி, டூரினுக்குக் காரின் உருவத்தில் பேர்.

அங்கே ஜியூஜியாரோ என்று ஒரு மேதை. 1968-ல் சொந்தமாக டிசைன் நிறுவனம் தொடங்கியவர். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், கொரியாவின் ஹ்யூண்டாய் சொந்தமாக உருவாக்கிய முதல் காரான போனி, நம் ஊருக்கும் வந்த பியட் ஊனோ, மாட்டிஸ் என்று அவர் கை வைத்த கார்கள் ஏராளம். கார் மட்டுமல்ல, நெக்கி கம்பெனிக்குத் தையல் மெஷின்கூட வரைந்து கொடுத்திருக்கிறார். 1999-ல் 'இந்த நூற்றாண்டின் சிறந்த கார் வடிவமைப்பாளர்' என்று அவரைக் கௌரவித்தார்கள்.

அவரைப் பற்றி ஒரு சமையலறைச் சமாச்சாரமும் உண்டு. 1983-ல் நேப்பிள்ஸ் பக்கத்து பாஸ்தா கம்பெனி ஒன்று, "புது மாதிரி பாஸ்தா வரைந்து கொடுங்கள்" என்று அவரிடமே கேட்டது. அவரும் கடல் அலை மாதிரி சுருண்டு வளைந்த ஒரு பாஸ்தாவை வரைந்தார். பேர் 'மரீலே'. பார்க்க அத்தனை ஜோர்! ஆனால் அடுப்பில் போட்டால் ஓர் இடம் வெந்து குழைகிறது, இன்னோர் இடம் வேகாமல் நிற்கிறது என்று புகார். கொஞ்ச காலத்தில் கடைகளிலிருந்து மறைந்தே போய்விட்டது. இதைச் சொன்னதும் தங்கை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி பெரியம்மா, நான் வாங்கப் போற வண்டி வேகுமா வேகாதான்னு பார்த்துடலாம்" என்றாள்.

இத்தாலிக் கார்களுக்குக் கெட்ட பேர் வந்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஆல்ஃபா ரோமியோ கம்பெனி 1970-களில் ஆல்ஃபாசூட் என்று ஒரு சின்னக் காரைக் கொண்டு வந்தது. அதுவும் ஜியூஜியாரோவின் கைவண்ணம்தான். ஓட்டினால் சொர்க்கம் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் தகடு சீக்கிரமே துருப்பிடித்து உதிர்ந்தது. லான்சியா பீட்டா என்ற காரின் கதை இன்னும் மோசம். 1980-ல் பிரிட்டனில் அதன் துருப் பிரச்னை பத்திரிகைகளில் நாறிப்போய், கம்பெனியே பல கார்களைத் திரும்ப வாங்கிக் கொள்ள வேண்டி வந்தது. கடைசியில் 1994-ல் லான்சியா அந்த நாட்டுக் கடையையே கட்டிவிட்டது. இதெல்லாம் அந்தக் காலம். பின்னால் வந்த கார்களுக்குத் துருத் தடுப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் கெட்ட பேர் என்பது வெள்ளைப் புடவையில் பட்ட வாழைக்கறை மாதிரி. துவைத்தாலும் லேசில் போகாது.

நம்ம ஊர் பியட்

இங்கேதான் என் தங்கை வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். அவர் 1980-களில் திருச்சியில் சொந்தமாக பியட் டாக்ஸி வைத்து ஓட்டியவர். "அக்கா, யாரோ வெளிநாட்டான் சொன்னதை விடுங்க. பியட்டுன்னா பியட்டுதான். அந்த வண்டியை வச்சுத்தான் நாலு பேர் சாப்பிட்டோம்" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி 1950-களிலேயே பியட் 1100 கார்களை இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. 1964-ல் வந்த மாடல்தான், பிறகு பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974 வாக்கில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், 1,089 சி.சி. எஞ்சின், உருண்டு திரண்ட முகம். பேர்தான் மாறியது, உள்ளே இருந்தது அந்த இத்தாலிக்காரிதான்! ஏறக்குறைய 2000-ஆம் ஆண்டு வரை உற்பத்தி நடந்தது. பம்பாய் டாக்ஸிகளுக்கு 20 வருஷ வயது வரம்பு இருந்ததால், கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது.

இத்தாலிக் கார் உழைக்காது என்றால் இது எப்படி உழைத்தது? நான் அவரையே கேட்டேன்.

"ரிப்பேர் வராமலா இருந்தது? அடிக்கடி வரும்" என்றார். "வெயில் காலத்துல பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கும். பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணியைச் சுத்தி, பத்து நிமிஷம் புளியமரத்தடியில நிப்பேன், கிளம்பிடும். பாயின்ட் கருகிட்டா உப்புத்தாள் வச்சுத் தேய்ப்பேன். ரேடியேட்டர் கொதிச்சா ஒரு குடம் தண்ணி. எந்த ஊர்ல நின்னாலும் ஒரு பையன் ஸ்பேனரோட வந்து நிப்பான். சாமான் கிடைக்காத கடையே கிடையாது."

இதைக் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பியட் கெடாமல் ஓடியதாக யாரும் சொல்லவில்லை. கெட்டால் அரை மணியில் சரியாயிற்று, அவ்வளவுதான். ஒரு கார் நம்பகமானதா என்பது காரை மட்டும் பொறுத்ததல்ல. கார், அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக், சாமான் வைத்திருக்கும் கடை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நம்பகம். குக்கர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதற்குக் கேஸ்கெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம்? பரணில்தானே ஏற்றுவோம்!

ஊரை விட்டுப் போன கம்பெனி

இப்போது லீனியாவுக்கு வருவோம். லீனியாவும் அதன் உடன்பிறப்பான புன்ட்டோவும் 2009-ல் நம் நாட்டுக்கு வந்தன. புனே அருகே ரஞ்சன்காவ்ன் தொழிற்சாலையில் தயாரானவை. புன்ட்டோவின் உருவத்தில் ஜியூஜியாரோவின் கை உண்டு. கதவைச் சாத்தினாலே கனமான சத்தம், வளைவுகளில் நிதானம், மேடு பள்ளத்தில் குலுங்காத சஸ்பென்ஷன் என்று ஓட்டியவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். விற்பனைக்குப் பிந்திய சேவையில்தான் பலருக்கு மனக்குறை. முதலில் டாட்டா ஷோரூம்களில் விற்றார்கள். 2012-க்குப் பிறகு பிரிந்து தனிக் கடை போட்டார்கள். புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வருவதற்கு முன்பே, 2019-ல், பியட் கார்கள் இங்கே நின்றுவிட்டன. அந்தக் கம்பெனி இப்போது ஸ்டெல்லான்டிஸ் என்ற பெரிய குடும்பத்தில் ஐக்கியமாகிவிட்டது. இந்தியாவில் ஜீப், சிட்ரோன் கார்களை விற்கிறது. புது பியட் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லீனியாவுக்குள் இருக்கும் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் பியட்டின் சொந்தப் படைப்பு. ஆனால் அதே எஞ்சினை மாருதி 2007-லேயே வாங்கி ஸ்விஃப்டில் வைத்தது. பிறகு டிசையர், டாட்டா விஸ்டா என்று பல கார்களுக்குள் அது புகுந்துவிட்டது. 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்றே அதற்கு ஒரு செல்லப்பேர். மாருதி 2020 வரை அதைப் பயன்படுத்தியது. ஆகவே இதயத்துக்கு வைத்தியர் எல்லா ஊரிலும் உண்டு. முகம், கை, கால், நரம்பு இவற்றுக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். காரைப் பார்ப்பதற்கு முன்னால் கடைகளை விசாரிப்போம். ஒரு தாளில் பத்து சாமான்களின் பேரை எழுதினோம். ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், முன் விளக்கு, பின் பம்பர், கண்ணாடி இறக்கும் மோட்டார், ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங், வலப்பக்கக் கண்ணாடி. தங்கை மகள் தன் நைட் டியூட்டி ஓய்வில் உட்கார்ந்து நாலு உதிரி பாகக் கடைகளுக்குப் போன் போட்டாள். எஞ்சின் சம்பந்தப்பட்டவை எல்லாம் அன்றைக்கே கிடைக்கும் என்றார்கள். புஷ், பிரேக் பேட் இரண்டு மூன்று நாளில். முன் விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும், "ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும், நாள் சொல்ல முடியாது" என்று பதில். முசிறி மெக்கானிக், "எஞ்சினை நான் பார்த்துக்கறேன். கரண்ட் சமாச்சாரம்னா திருச்சிக்குத்தான் போகணும்" என்று நேர்மையாகச் சொன்னார்.

பார்க்கப் போனோம்

நாங்கள் நாலு பேர் போனோம். நான், தங்கை மகள், அவள் அப்பா, திருச்சி மெக்கானிக் ஒருவர். மெக்கானிக்குக் கூலி 1,500 ரூபாய். இந்தச் செலவுக்கு அஞ்சாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்து வைத்ததை அப்படியே தருகிறேன். எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும்.

காலையில் முதல் ஆளாகப் போங்கள். "நாங்கள் வரும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதுதான் பரீட்சை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை.

சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. மிதியடியைத் தூக்கி மோந்து பாருங்கள். ஊறின துணி வாசனையை நம்மைவிட நன்றாக யார் கண்டுபிடிப்பார்கள்?

எல்லா சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நாலு கண்ணாடியும் இறங்கி ஏற வேண்டும். ஏ.சி.யைப் போட்டு இருபது நிமிஷம் ஓட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் எரியும் எச்சரிக்கை விளக்குகள், எஞ்சின் கிளம்பியதும் அணைந்துவிட வேண்டும். சாவி போட்டதும் விளக்கே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

சாவி இரண்டும் கேட்டு வாங்குங்கள். இப்போதைய கார்ச் சாவிக்குள் சில்லு இருக்கிறது. பூட்டுக்காரரிடம் சாதாரணமாக அடித்துக்கொள்ள முடியாது. பியட் கார்களுக்குக் 'கோட் கார்டு' என்று ஒரு சின்ன அட்டையும் உண்டு. அதையும் மறக்காதீர்கள்.

எஞ்சினுக்குள் ஓடுவது பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். லீனியாவின் 1.3 டீசலில் செயின், 1.4 பெட்ரோலில் பெல்ட். பெல்ட் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ வருஷமோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றியாக வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, ஒரே நிமிஷத்தில் பெரிய செலவு. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்பேக் எத்தனை என்று பாருங்கள். டிரைவர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019-ல்தான். அதற்கு முந்திய வண்டிகளில் விலை குறைந்த மாடலுக்கு ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். "கனமான வண்டி, பாதுகாப்பானது" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பாவில் விற்ற இதே புன்ட்டோவுக்கு 2005-ல் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். 2017-ல் சோதனையைக் கடுமையாக்கிவிட்டுப் பார்த்தபோது ஒரு நட்சத்திரம்கூட இல்லை!

நம் உடம்புக்கு ஒத்துவருமா என்றும் பாருங்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற பெண்ணுக்குக் கிளட்ச் கனமாக இருந்தால் முழங்கால் என்ன ஆகும்? காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது. நெரிசலில் அரை மணி ஓட்டிப் பாருங்கள்.

அந்த லீனியா மோசமான வண்டி அல்ல. எஞ்சின் சுத்தம், புகை இல்லை. நாலு டயரும் பேட்டரியும் சஸ்பென்ஷன் ரப்பர்களும் மட்டும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். பன்னிரண்டு வயசு வண்டிக்கு இது சகஜம்தானே. தங்கை மகள் முகத்தில் வெளிச்சம்.

அப்போதுதான் அவள் அப்பா பானெட்டுக்குள் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் அடியில் ஓயர் கொத்து. மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியை வண்டியோடு இணைத்து, அதன் திரையில் ஓடிய எழுத்துக்களைப் படித்துக் கொண்டிருந்தார். என் தங்கை வீட்டுக்காரர் நிமிர்ந்து, மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"இதுல என் கை போற இடம் ஒண்ணுமே இல்லையேம்மா. நீ குணசீலம் தாண்டி இருட்டுல நின்னுட்டுப் போன் பண்ணினா, நான் டிவிஎஸ்-50-ஐ எடுத்துக்கிட்டு வந்து உன் பக்கத்துல நிக்கத்தான் முடியும்."

அவள் ஒன்றும் பேசவில்லை. காரின் கதவை மெல்லச் சாத்தினாள்.

இரண்டு கணக்கு

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். லீனியா விலை 2,25,000. டயர், பேட்டரி, சஸ்பென்ஷன், சர்வீஸ் எல்லாம் 55,000. பேர் மாற்றம், இன்ஷூரன்ஸ் 15,000. மொத்தம் 2,95,000. கையில் மிச்சம் 55,000.

அதே வயசு ஸ்விஃப்ட் டீசல், அதே இத்தாலி எஞ்சின், மூன்றேகால் லட்சம் சொன்னார்கள். பேர் மாற்றம், சில்லறை வேலை சேர்த்தால் கை காலி.

பணக் கணக்கில் லீனியாதான் ஜெயித்தது! ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. வண்டி நிற்கும் நாள் கணக்கு. சாமானுக்காகப் பத்து நாள் கார் ஷெட்டில் நின்றால், அந்தப் பத்து நாளும் அவள் பழைய பஸ்ஸுக்கே போக வேண்டும், அல்லது ராத்திரி வாடகைக் காருக்கு ஆயிரம் ஆயிரமாய்க் கொடுக்க வேண்டும். வீட்டில் வேறு கார் இல்லை. பணம் போனால் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்து விடலாம். இருட்டு ரோட்டில் தனியாக நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு எதைக் கொண்டு ஈடு கட்டுவது?

கடைசியில் தீர்மானித்தவள் அவள்தான். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. "எங்க வீட்டுல ரெண்டு கார் இருந்தா அதைத்தான் வாங்கியிருப்பேன் பெரியம்மா. ஒரே ஒரு காரா இருக்கிற வரைக்கும் இது சரிப்படாது" என்றாள். ஸ்விஃப்டைப் பேரம் பேசி 3,10,000-க்கு முடித்தாள். மிச்சமான சொற்பத்தோடு, மாதம் 2,000 ரூபாய் காருக்கென்றே தனியாகப் போட்டு வருகிறாள். ஆனால் சிவப்பு நிறம்தான் வேண்டும் என்று கூடுதலாக இரண்டு வாரம் காத்திருந்தாள். அதில் மட்டும் யாரும் குறுக்கே நிற்கவில்லை!

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால்

இத்தனை படித்த பிறகும், "எனக்கு அந்த இத்தாலிக் கார்தான் வேண்டும்" என்று சொல்லும் வாசகிகள் இருப்பீர்கள். வாங்குங்கள், வேண்டாமென்று நான் சொல்ல மாட்டேன். மூன்று விஷயம் மட்டும் இருக்கட்டும்.

முதலாவது, மெக்கானிக்கை முதலில் தேடுங்கள், காரைப் பிறகு தேடுங்கள். அந்தக் கார் வைத்திருக்கும் இரண்டு பேரிடமாவது, எங்கே பார்க்கிறார்கள், சாமான் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வைத்திருப்பவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். இரண்டேகால் லட்சத்துக்கு வாங்கினால் 75,000 கையில் இருக்க வேண்டும். அதைத் தீபாவளிக்குத் தொடக் கூடாது.

மூன்றாவது, அது நின்றால் உங்கள் பிழைப்பு நிற்கக் கூடாது. இன்னொரு வண்டியோ, வாசலில் பஸ்ஸோ, பக்கத்தில் ஆபீஸோ இருக்க வேண்டும்.

கூடவே காகிதங்கள். காரின் மேல் கடன் இருந்ததா, அதை அடைத்து ஆர்.சி. புத்தகத்தில் நீக்கியாயிற்றா என்று பாருங்கள். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, பேர் மாறும் வரை பின்தொடருங்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' பழைய சொந்தக்காரருடையது. அது காரோடு வராது. பேர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். 15 வருஷம் முடிந்தால் தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி என்று மீண்டும் ஒரு செலவு காத்திருக்கிறது. 2013 வண்டிக்கு அது 2028-ல் வந்துவிடும். மலிவு விலை சொல்கிறவர்கள் இந்தத் தேதியைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்.

தங்கை மகள் இப்போது மாலை டியூட்டி முடிந்து பத்தரைக்கெல்லாம் வீடு வந்துவிடுகிறாள். குழந்தை பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து கதவைத் திறக்கிறதாம். அந்த ஒயின் நிற லீனியாவைத் திருச்சியில் ஒரு கண் டாக்டர் தமது இரண்டாவது காராக வாங்கியிருக்கிறாராம். இவள் பார்க்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறாளாம்.

பழைய பியட்டோ பத்மினியோ உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக் கொண்டிருந்தால், எந்த ஊரில், யார் கையில் ஓடுகிறது என்று எழுதுங்கள். என் தங்கை வீட்டுக்காரர் முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறார். அடுத்த இதழில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிப் பார்ப்போம்.